‘வாக் ஹார்ட்’ படத்தைப் பதின்ம வயதுப் பிள்ளைகள் பார்க்கலாமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2007 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவில் வெளியான ‘வாக் ஹார்ட்: த டூயி காக்ஸ் ஸ்டோரி’, டூயி காக்ஸ் என்ற கற்பனைப் பாடகனின் வாழ்க்கைக் கதை. இசைக்கலைஞர்களைப் பற்றி ஹாலிவுட் எடுக்கும் பயோபிக்குகளை, அதாவது வாழ்க்கை வரலாற்றுப் படங்களை, தலை முதல் கால் வரை பகடி செய்யவே எடுத்த படம். ஜேக் காஸ்டன் இயக்கியிருக்கிறார். அவரும் ஜட் அபடோவும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். நாயகன் ஜான் சி. ரெய்லி. கிடார் கற்கும் பிள்ளைகள், பழைய ராக், கண்ட்ரி பாடல்களைத் தேடிக் கேட்கும் பிள்ளைகள் இதன் பாடல்களை இணையத்தில் கேட்டுவிட்டு, படத்தையும் பார்க்கிறேன் என்று வந்து நிற்பார்கள். அப்போது பெற்றோருக்கு எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கதையின் திருப்பங்கள் சிலவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

ஒரே வரியில் சொல்லுங்கள்: காட்டலாமா, வேண்டாமா?

15 வயது வரை வேண்டாம். 16, 17 வயதில் காட்டலாம், மூன்று நிபந்தனைகளோடு: பெரியவர் ஒருவர் முன்பே தனியாகப் பார்த்திருக்க வேண்டும், பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும், திரையரங்கில் வெளியான 96 நிமிடப் பதிப்பாக இருக்க வேண்டும். படம் எந்தப் படங்களைக் கிண்டல் செய்கிறதோ அவற்றில் ஒன்றையாவது பிள்ளை முன்பே பார்த்திருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்பது கீழே வருகிறது.

அமெரிக்கத் தணிக்கையில் என்ன சான்றிதழ்? அதற்கு என்ன பொருள்?

‘ஆர்’ சான்றிதழ். பாலியல் உள்ளடக்கம், அப்பட்டமான நிர்வாணம், போதைப்பொருள் பயன்பாடு, கெட்ட வார்த்தைகள் என்று நான்கு காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. ‘ஆர்’ என்றால் 17 வயது நிறையாதவர்கள் பெற்றோரோடோ பாதுகாவலரோடோதான் திரையரங்குக்குள் போகலாம். இது அமெரிக்கத் திரைத்துறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஏற்பாடு. அரசுச் சட்டம் அல்ல.

இதற்கு ஒரு படி கீழே இருப்பது பி.ஜி.-13. 13 வயது நிறையாதவர்களுக்குச் சில காட்சிகள் பொருந்தாமல் போகலாம் என்று பெற்றோரை எச்சரிப்பது. கடுமையான பாலியல் கெட்ட வார்த்தை ஒன்று ஓரிரு முறைக்கு மேல் வந்தாலே பொதுவாக ஒரு படம் பி.ஜி.-13-ஐத் தாண்டிவிடும். ஆகவே ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நாலு கெட்ட வார்த்தைக்காக ‘ஆர்’ வாங்கிய படமும் இருக்கிறது, படுக்கையறைக் காட்சிக்காக வாங்கிய படமும் இருக்கிறது. இந்தப் படம் நான்கு காரணங்களுக்காகவும் வாங்கியது.

நிர்வாணக் காட்சி எப்படிப்பட்டது?

படத்தின் முதல் பாதியில், டூயி புகழடைந்து ஊர் ஊராகக் கச்சேரி செய்யும் கட்டத்தில் வருகிறது. ஹோட்டல் அறையில் இரவெல்லாம் கூத்தடித்த மறுநாள் காலை. ஆண்களும் பெண்களும் உடையில்லாமல் அங்கங்கே கிடக்கிறார்கள். டூயி தரையில் உட்கார்ந்து வீட்டில் இருக்கும் மனைவியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்க, அவன் முகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணின் பிறப்புறுப்பு திரையில் முழுசாகத் தெரிகிறது. கேமரா சட்டென்று நகர்ந்துவிடாது. கூச்சப்படும் அளவுக்கு நிற்கும். நகைச்சுவையே அதில்தான் இருக்கிறது.

இது கிளர்ச்சியூட்ட எடுத்த காட்சி அல்ல. மனைவியிடம் பொய் சொல்லும் ஒருவனின் பக்கத்திலேயே உண்மை நின்றுகொண்டிருக்கிறது என்ற கேலி. 17 வயதுப் பிள்ளைக்கு அது புரியும். ஆனால் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது அந்த ஷாட் எல்லோரையும் நெளிய வைக்கும். முன்கூட்டியே “இப்படி ஒரு காட்சி வரும்” என்று சாதாரணக் குரலில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு, அந்த நேரம் பார்த்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அதன் பிறகு பிள்ளை எந்தக் காட்சியைப் பற்றியும் உங்களிடம் வாய் திறக்காது.

போதைப்பொருளைப் படம் ஆதரிக்கிறதா, கண்டிக்கிறதா?

பெற்றோர் அதிக நேரம் செலவிட வேண்டிய கேள்வி இதுதான். நிர்வாணக் காட்சிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட யாரும் இதற்குக் கொடுப்பதில்லை.

படம் நெடுக ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. டூயி ஒரு கதவைத் திறக்கிறான். உள்ளே அவனது டிரம்மர் சாம் (டிம் மெடோஸ் நடித்தது) புகைத்துக்கொண்டிருக்கிறான். “இது உனக்கு வேண்டாம், வெளியே போ” என்கிறான். டூயி சந்தேகம் கேட்கிறான்: மறுநாள் தலை வலிக்குமா? வலிக்காது. பழக்கமாகிவிடுமா? ஆகாது. விலை அதிகமா? இருப்பதிலேயே மலிவு. எச்சரிக்கையாகத் தொடங்கியது விளம்பரமாக முடிகிறது. டூயி உள்ளே போய்விடுகிறான். முதலில் கஞ்சா, அடுத்து கொக்கைன், பிறகு மாத்திரைகள் என்று ஒவ்வொரு முறையும் அடுத்த படிக்குப் போகிறது.

பயோபிக்குகளில் நாயகனுக்கு யாரோ ஒருவர் போதையை அறிமுகப்படுத்தும் காட்சி தவறாமல் வரும். அதைத்தான் இங்கே நையாண்டி செய்கிறார்கள். பத்துப் படம் பார்த்த ஒருவருக்கு அந்தச் சடங்கின் மீது சிரிப்பு வரும். 13 வயதுப் பிள்ளை அந்தப் பத்துப் படத்தையும் பார்த்ததில்லை. அதன் காதில் விழுவது தகவல்: தலைவலி வராது, அடிமையாக மாட்டாய், காசும் குறைவு. அதுவும் தவறான தகவல். கஞ்சாவுக்கும் அடிமையாக முடியும். வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு அது செய்யும் கேடு பெரியவர்களுக்கு நேர்வதைவிட அதிகம்.

விளைவுகளையும் படம் காட்டாமல் விடவில்லை. டூயி கைதாகிறான், சிறைக்குப் போகிறான், மறுவாழ்வு மையத்தில் துடிக்கிறான், குடும்பத்தை இழக்கிறான். ஆனால் இவை எல்லாமே சிரிப்புக்காக எடுத்தவை. ஒரே நேரத்தில் குளிருகிறது, வேர்க்கிறது என்று அவன் கத்துவதைப் பார்த்து யாரும் பயப்படப்போவதில்லை.

படம் முடிந்ததும் பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: “சாம் சொன்னதில் எதெல்லாம் பொய்?” அறிவுரையைவிட இது நன்றாக வேலை செய்யும், பொய்யைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கூடவே உண்மையில் நடந்ததையும் சொல்லலாம். கண்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1965 அக்டோபரில் டெக்சாஸின் எல் பாசோவில் கைதானபோது, கிடார் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான மாத்திரைகள் இருந்தன. பார்வையற்ற பாடகர் ரே சார்ல்ஸ் 1964-ல் பாஸ்டன் விமான நிலையத்தில் ஹெராயினோடு பிடிபட்டு, அடுத்த ஆண்டு சிகிச்சைக்குப் போனார். டூயி இந்த இருவரையும் அச்சாக வைத்து வார்த்த பாத்திரம்.

கெட்ட வார்த்தைகள்? பாடல்களில் இரட்டை அர்த்தம் என்கிறார்களே?

கெட்ட வார்த்தைகள் தாராளம். நாயகனின் குடும்பப் பெயரான காக்ஸே ஆணுறுப்பைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல்லைப் போல ஒலிப்பது. 

‘லெட்ஸ் டூயட்’ என்ற ஜோடிப் பாடல் முழுக்க முழுக்க டபுள் மீனிங். தலைப்பை வேகமாகச் சொன்னாலே வேறு அழைப்பாகக் கேட்கும். ஒரு வரி ஆபாசமான இடத்தில் நிற்கும். ஒரு மூச்சு விட்டு அடுத்த சொல் வந்ததும் அப்பாவி வாக்கியமாக மாறிவிடும். காளமேகத்தின் சிலேடை வெண்பாக்களை ரசித்து வளர்ந்த நமக்கு இந்தச் சொல்விளையாட்டு புதிதல்ல. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு உடனே பிடிபடும். சுமாராகத் தெரிந்த பிள்ளைக்கு இனிமையான காதல் பாட்டாகவே கேட்கும். பிறகு அர்த்தம் தெரியாமல் பள்ளி ஆண்டு விழாவில் பாடிவிட வாய்ப்புண்டு. ஆகவே பாட்டு எதைப் பற்றியது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

வன்முறை இருக்கிறதா?

தொடக்கத்திலேயே இருக்கிறது. 1946, அலபாமா. சிறுவன் டூயி, அண்ணன் நேட்டோடு வெட்டுக்கத்தியை வைத்துக் கத்திச்சண்டை விளையாடுகிறான். நேட் இடுப்போடு இரண்டு துண்டாகிறான். துண்டான பிறகும் நின்று நிதானமாகப் பேசுகிறான். நம்ப முடியாத அளவுக்கு மிகைப்படுத்தியதால் கொடூரமாகத் தோன்றாது. ஆனாலும் இறப்பது சின்னப் பையன், கொல்வது தம்பி. வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தால், அதுவும் உடன்பிறந்தவரின் சாவாக இருந்தால், இந்தப் படத்தைத் தள்ளிப்போடுங்கள். “செத்தது தப்பான பிள்ளை” என்று அப்பா படம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். சிரிப்பதற்காக எழுதிய வசனம்தான். குற்ற உணர்வு சுமக்கும் பிள்ளைக்கு அது சிரிப்பாக இராது.

சான்றிதழில் சொல்லாத, ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் ஏதாவது?

சில உண்டு. முக்கியமானது எடித்தின் வயது. டூயி 14 வயதில் வீட்டை விட்டுப் போகும்போது உடன் அழைத்துப்போகும் காதலிக்கு 12 வயது என்று படம் சொல்கிறது. உடனே கல்யாணம், குழந்தை. நடிப்பது வளர்ந்த நடிகர்கள்: ரெய்லிக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது, எடித்தாக நடித்த கிறிஸ்டன் விக்குக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. நாற்பது வயதுக்காரர் 14 வயதுப் பையனாக வந்து நிற்பதே பயோபிக்குகளை நோக்கிய கேலி. வயது விஷயத்துக்குப் பின்னால் வரலாறும் இருக்கிறது. ராக் அண்ட் ரோல் பாடகர் ஜெர்ரி லீ லூயிஸ் 1957-ல் 13 வயது உறவுக்காரப் பெண்ணை மணந்தார். மறு ஆண்டு பிரிட்டன் பத்திரிகைகளில் அது வெளியானதும் அவரது சுற்றுப்பயணமே நின்றுபோனது. இந்தப் பின்னணி தெரியாத பிள்ளைக்கு, குழந்தைத் திருமணம் சாதாரண ஜோக் ஆகிவிடும். நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று, குள்ளமானவர்களின் உரிமைக்காக டூயி பாடும் ‘போராட்டப் பாடல்’. அறுபதுகளின் பாடகர்கள் பிறர் துயரத்தைத் தங்கள் பெருமைக்குப் பயன்படுத்தியதைச் சாடுகிறார்கள் என்று வாதிடலாம். ஆனால் அரங்கில் எழும் சிரிப்பு பெரும்பாலும் குள்ளமானவர்களைப் பார்த்துத்தான் எழுகிறது. படத்தில் எங்களுக்கு உடன்பாடில்லாத பகுதி அதுதான். இசைத்தட்டு நிறுவன முதலாளிகளைப் பழைமைப் பற்றுள்ள யூதர்களாகக் காட்டும் காட்சிகளும் அதே ஓரத்தில் நடக்கின்றன.

இந்தியாவும் வருகிறது. பீட்டில்ஸ் குழுவினர் 1968 பிப்ரவரியில் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு வந்ததை நினைவூட்டும் காட்சி. ஜாக் பிளாக், பால் ரட் முதலானோர் பீட்டில்ஸாக வந்து ஒருவரையொருவர் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை உட்கொண்டதும் படம் வண்ண வண்ண அனிமேஷனாக மாறுகிறது. கண்ணுக்கு மிக அழகான பகுதி இது. போதையை அழகாகக் காட்டும் பகுதியும் இதுவே.

எந்தப் பதிப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேரத்தைப் பாருங்கள். திரையரங்கப் பதிப்பு 96 நிமிடம். தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் டிவிடியில் வந்த இயக்குநர் பதிப்பு சுமார் 120 நிமிடம். ‘அன்ரேட்டட்’ என்ற சொல் அட்டையில் இருக்கும். கூடுதலாக இருக்கும் 24 நிமிடமும் ஆபாசம் என்று நினைக்க வேண்டாம். நீட்டிய காட்சிகளும் பாடல்களும் நிறைய. ஆனால் ‘ஆர்’ என்ற அளவுகோலுக்கு உட்படாத பதிப்பை, அந்த அளவுகோலை நம்பிப் பிள்ளைக்குக் காட்ட முடியாது. ஓ.டி.டி. தளங்களில் இரண்டு பதிப்பும் ஒரே படத்துடன், ஏறத்தாழ ஒரே பெயரில் இருப்பதுண்டு. விவரப் பக்கத்தில் நிமிடக் கணக்கைப் பார்த்த பிறகே ‘ப்ளே’ அழுத்துங்கள்.

முதலில் வேறு படம் பார்க்கச் சொல்கிறீர்களே, ஏன்?

பகடி என்பது அசலின் நிழல். அசல் தெரியாதவனுக்கு நிழல் வெறும் இருட்டு. ‘வாக் ஹார்ட்’ நேரடியாகக் குறிவைப்பது இரண்டு படங்களை: ரே சார்ல்ஸ் பற்றிய ‘ரே’ (2004, 152 நிமிடம்), ஜானி கேஷ் பற்றிய ‘வாக் த லைன்’ (2005, 136 நிமிடம்). இரண்டும் பி.ஜி.-13.

ஜானி கேஷின் அண்ணன் ஜாக் 1944-ல் மரம் அறுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். ‘வாக் த லைன்’ படத்தில் அப்பா, பறிபோனது தப்பான மகன் என்கிறார். அது டூயியின் அப்பா வாயில் ஓயாத பல்லவியாகிறது. ரே சார்ல்ஸ் சிறு வயதில் தம்பி தொட்டியில் மூழ்கி இறப்பதைப் பார்த்தார், பிறகு பார்வையை இழந்தார். டூயி அண்ணனைக் கொன்ற அதிர்ச்சியில் மோப்ப உணர்வை இழக்கிறான். கேஷாக நடித்த ஹோவாகின் ஃபீனிக்ஸ் கழுவுதொட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிவார். டூயி கோபம் வரும்போதெல்லாம் கைக்கு எட்டும் தொட்டியைப் பிடுங்குவான். இந்த இணைப்புகள் தெரிந்தால் பிள்ளையின் கவனம் ‘இது எங்கிருந்து வந்தது’ என்று தேடுவதில் போகும். தெரியாவிட்டால் திரையில் எஞ்சுவது நிர்வாணமும் போதையும்தான். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ‘வாக் த லைன்’ பாருங்கள். பகடியில் நேரடியாகப் பொருந்தும் காட்சிகள் அதில் அதிகம்.

கூடாத காட்சிகளைத் தள்ளிவிட்டுக் காட்டினால் போதாதா?

நடைமுறையில் சரிவராது. ரிமோட்டில் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளும்போது, தவிர்க்க நினைத்த ஷாட்டிலேயே படம் வந்து நின்றுவிடும். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால், தனியாகப் பார்க்கும்போதே ஹோட்டல் காட்சி தொடங்கும் நிமிடத்தையும் முடியும் நிமிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு முன்பே நிறுத்தி, கீழே இருக்கும் கோட்டில் முடியும் நிமிடத்துக்கு நேராகப் போங்கள். நகர்த்தும்போது சில தளங்களில் குட்டிப் படங்கள் தோன்றும். பிள்ளைகள் கண்ணுக்கு அது தப்பாது. இவ்வளவு வெட்ட வேண்டிய வயதென்றால் இரண்டு வருடம் பொறுப்பதே நல்லது.

வீட்டில் பூட்டு போடுவது எப்படி?

இந்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓ.டி.டி. தளங்கள் படங்களை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வகைப்படுத்த வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். வசதி இருக்கிறது, நாம்தான் போடுவதில்லை.

அதிலும் பெரும்பாலானோர் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளையின் ப்ரொஃபைலில் வயது வரம்பு வைப்பார்கள். தங்கள் ப்ரொஃபைலைத் திறந்தே வைத்திருப்பார்கள். பிள்ளை அதற்குள் போய்ப் பார்த்துவிடும். ஆகவே முதல் வேலை, பெரியவர்கள் ஒவ்வொருவரின் ப்ரொஃபைலுக்கும் பின் எண் வைப்பது. பிறந்த வருடம், வண்டி எண் வேண்டாம். அடுத்தது பிள்ளையின் ப்ரொஃபைலில் வரம்பு வைத்து, கணக்கில் புதிய ப்ரொஃபைல் உருவாக்கவும் பின் கேட்கும்படி செய்வது. பிறகு டிவி, டேப்லெட், பழைய போன் என்று எல்லாக் கருவிகளிலும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பாடல்களை மட்டும் கேட்க விடலாமா?

பெரும்பாலானவற்றைக் கேட்கலாம். ரெய்லி தானே பாடியிருக்கிறார். தலைப்புப் பாடலும் அவரது நடிப்பும் கோல்டன் குளோப் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. ராக்கும் கண்ட்ரியும் கலந்த ஐம்பதுகளின் ராக்கபில்லி, பாடகர் பாப் டிலனைப் போன்ற புரியாத கவிதை வரிகள், ‘பீச் பாய்ஸ்’ குழுவின் பிரையன் வில்சனின் அடுக்கடுக்கான ஸ்டுடியோ ஒலி என்று அமெரிக்க இசையின் அரை நூற்றாண்டை ஒரே ஆல்பத்தில் கடக்கலாம். இசை கற்கும் பிள்ளைக்கு நல்ல பாடம். ‘லெட்ஸ் டூயட்’ பாடலையும் குள்ளமானவர்கள் பற்றிய பாடலையும் மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். காணொளியாகத் தேடினால் பக்கத்திலேயே படத்தின் துண்டுக் காட்சிகளும் வந்து நிற்கும். ஒலி மட்டும் வரும் செயலியில் கேட்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே நண்பன் வீட்டில் பார்த்துவிட்டான். இப்போது என்ன செய்வது?

திட்ட வேண்டாம். எந்த இடத்தில் சிரித்தாய், எந்த இடத்தில் சங்கடமாக இருந்தது என்று கேளுங்கள். பிறகு சாமின் பொய்களையும் எடித்தின் வயதையும் பேச்சில் கொண்டுவாருங்கள். அடுத்த வாரம் ‘வாக் த லைன்’ சேர்ந்து பாருங்கள். தலைகீழ் வரிசைதான் என்றாலும் பலன் உண்டு.

இதைவிட மென்மையான இசைப் பகடி உண்டா?

13, 14 வயதுக்கு ‘த ரட்டில்ஸ்: ஆல் யூ நீட் இஸ் கேஷ்’ (1978). பீட்டில்ஸைக் கேலி செய்து தொலைக்காட்சிக்காக எடுத்தது. போதைப்பொருள் வர வேண்டிய இடத்தில் தேநீரை வைத்திருப்பார்கள். ஜார்ஜ் ஹாரிசனே ஒரு காட்சியில் தலைகாட்டுகிறார். 14 வயதுக்கு மேல் ‘வியர்ட்: த அல் யான்கோவிக் ஸ்டோரி’ (2022), டேனியல் ராட்க்ளிஃப் நடித்தது, அமெரிக்கத் தொலைக்காட்சி அளவுகோலில் 14-க்கு மேல் என்று குறிக்கப்பட்டது. மிகைப்படுத்திய ரத்தச் சண்டை உண்டு. நிர்வாணம் இந்த அளவுக்கு இல்லை.

‘திஸ் இஸ் ஸ்பைனல் டேப்’ (1984, 82 நிமிடம்) ‘ஆர்’ வாங்கியது பெரும்பாலும் பேச்சுக்காக. 15, 16 வயதில் பார்க்கலாம். ‘பாப்ஸ்டார்: நெவர் ஸ்டாப் நெவர் ஸ்டாப்பிங்’ (2016) புதுப் படம், பாப் உலகம் என்பதால் மென்மையாக இருக்கும் என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள். அதிலும் ‘வாக் ஹார்ட்’ அளவுக்கே அப்பட்டமான நிர்வாணம் இருக்கிறது.